நாவலுக்கு வருஷம் வைத்த கதை

என் முதல் நாவலின் கைப்பிரதியைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து பதிப்பாளர் போன் செய்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எந்த வருஷம் நடக்குது?" என்பதுதான்.

நான் அப்போது கடையில் இருந்தேன். போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது எழுதுவேன். அப்படி எழுதி எழுதிச் சேர்ந்த நாவல் அது. கீழ்நாட்டு விவசாயி வீட்டுப் பையனும் மலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பெண்ணும் விரும்புகிறார்கள், பையனின் அப்பா கூடாது என்கிறார், பிரிகிறார்கள், சேர்கிறார்கள்.

"வருஷம்னு ஒண்ணும் இல்ல சார். எப்ப வேணாலும் நடக்கலாம்" என்றேன். அதை நாவலின் சிறப்பு என்றே நினைத்திருந்தேன்.

"எப்ப வேணாலும் நடக்கலாம்னா எங்க வேணாலும் நடக்கலாமே. அப்புறம் எதுக்குப் போடிநாயக்கனூர்னு எழுதியிருக்கீங்க? ஒரு வருஷத்தை முடிவு பண்ணிட்டு, மறுபடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

சின்ன வேலை என்று நினைத்தேன். ஏதாவது ஒரு வருஷத்தை முதல் பக்கத்தில் போட்டால் முடிந்தது. முதலில் இப்போதைய வருஷத்தையே வைத்துப் பார்த்தேன். நாயகன் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பும் அத்தியாயம் உடனே கெட்டுப்போனது. என் பிரதியில் அவன் பஸ்ஸுக்காக வெகுநேரம் காத்திருந்து, காத்திருப்பிலேயே மனம் மாறி வீடு திரும்புவான். இப்போதுதான் நின்றுபோயிருந்த ரயில் போடிக்குத் திரும்ப வந்துவிட்டதே. அவன் பாட்டுக்கு ஏறிச் சென்னைக்கே போய்விடுவான். போதாததற்கு நாயகி மலையிலிருந்து வீடியோ காலில் பேசிவிடுவாள். நான் உருகி உருகி எழுதிய பிரிவு அத்தியாயங்கள் எதற்கும் உதவாது.

சரி என்று ஏலக்காய் விலை கண்டபடி ஏறிக் கிடந்த வருஷத்துக்குப் போனேன். அந்த வருஷம் காய் பறிக்க ஆள் கிடைக்காமல் தோட்டக்காரர்கள் கீழே இறங்கிவந்து கெஞ்சினார்கள். நாயகியின் அப்பா வேலை இல்லாமல் வாடுகிறார் என்று எழுதியிருந்தேன். போடியில் ஒரு ஆளும் அதை நம்ப மாட்டான்.

இதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் சிரித்தாள்.

"நம்ம கல்யாண வருஷத்தை வைக்க வேண்டியதுதானே."

"அது வீட்டு விஷயம்ல."

"வீட்டு விஷயமா? ஊரே ரோட்டுல உக்காந்திருந்துச்சு."

அவள் சொன்னது சரி. எங்கள் கல்யாணம் நடந்தது, பெரியாறு அணைப் பிரச்சினையில் மலைப்பாதை அடைபட்டுக் கிடந்த 2011 கார்த்திகையில்.

மறுநாள் அந்த வருஷத்தை மனதில் வைத்துக்கொண்டு பிரதியைத் திறந்தேன். முதலில் மாட்டிக்கொண்டவர் நாயகனின் அப்பாதான். என் பிரதியில் அவர் ஒரு வில்லன். பெரிய மீசை, கனத்த குரல், காரணம் இல்லாத கோபம். மலைக்காரப் பெண் வேண்டாம் என்று கத்துவார். ஏன் வேண்டாம் என்று நான் யோசிக்கவே இல்லை. வருஷம் என்று ஒன்று வந்ததும், அந்த மீசைக்குப் பின்னாலிருந்து என் சொந்த அப்பா எட்டிப் பார்த்தார். அவருக்கு மீசையும் கிடையாது, கனத்த குரலும் கிடையாது.

எங்கள் நிலம் ராசிங்காபுரத்தில் இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்தால் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால் எங்கள் கிணறு ஊறும். அப்பாவுக்கு உலகம் அவ்வளவுதான். அணை பழசாகிவிட்டது, உடைந்தால் கீழே இருக்கிற ஊர்கள் போய்விடும் என்று கேரளாப் பக்கம் பயந்தார்கள். அணையில் தண்ணீரைக் குறைத்தால் எங்கள் பள்ளத்தாக்கு காய்ந்துவிடும் என்று இந்தப் பக்கம் பயந்தோம். இரண்டு பக்கமும் ஜனங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். போடியிலிருந்து மலையேறும் ரோட்டில், அடிவாரத்தில் முந்தல் என்கிற இடத்தில், மறியல் நடந்தது. ஒரு லாரிகூட, ஒரு ஜீப்புகூட மேலே போகவில்லை. அப்பா தினமும் காலையில் குளித்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போவதுபோல மறியலுக்குப் போனார்.

அதற்கு முன்பே எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். தூரத்துச் சொந்தம்தான். அவர்கள் குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன்னால் ராசிங்காபுரத்தைவிட்டுப் கேரளாவில் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் போடியில் கல்யாணம். அதை விட்டால் மார்கழி, அப்புறம் தை வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

ஒருநாள் அப்பா மறியலிலிருந்து சாப்பிட வந்தபோது அம்மா கேட்டுவிட்டார்.

"நீங்க மறிச்சிருக்கிற ரோட்டுலதாங்க மருமக வரணும்."

"மருமக வந்து குளிக்கத் தண்ணி வேணாமா? அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

"அப்பக் கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளுங்க."

"அதெப்படித் தள்ள முடியும்? பத்திரிகை குடுத்தாச்சு. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு."

"ஜீப்பையும் விட மாட்டீங்க, தேதியையும் தள்ள மாட்டீங்க. அந்தப் புள்ள பறந்தா வரும்?"

அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். அம்மா ஊற்றவில்லை.

மேலே தோட்டத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பெண்ணின் அப்பா ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறி நின்று எங்கள் அப்பாவைக் கூப்பிட்டார். ஸ்டோர் என்பது ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடம்.

"சம்பந்தி, ஜீப்புக்காரங்க ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க. நாங்க நடந்தே எறங்கிர்றோம்."

"பாத்துக் கூட்டிட்டு வாங்க. முந்தல்ல நான் இருப்பேன்" என்றார் அப்பா. எப்படியும் அவர் அங்கேதானே உட்கார்ந்திருப்பார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் மண்டபத்தின் பின்பக்கம் வாழை இலைக் கட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டிராக்டர் வந்து நின்றது. பெட்டியும் மூட்டையுமாகச் சேறு அப்பிய ஒரு கூட்டம் இறங்கியது. அதில் ஒரு பெண் நேராகக் குழாயடிக்கு வந்து, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு காலைக் கழுவ ஆரம்பித்தாள். அட்டை கடித்த இடங்களிலிருந்து ரத்தம் வழிந்து கொண்டிருந்தது. சமையலுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சமையக்கட்டு அந்தப் பக்கம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் பொண்ணு" என்றாள்.

பெண் பார்க்கப் போனபோது தலை நிறைய மல்லிகையோடு பார்த்த முகம். நான் ஒரு வாழை இலையை எடுத்து அவளிடம் நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளும் வாங்கிக்கொண்டாள்.

கதையின் கீழ்ப்பாதி இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மேல்பாதியை நான் விவரமாகக் கேட்டதே இல்லை. கல்யாணம் முடிந்ததும் வாழ்க்கை ஓட ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள், கடை, உரம், மழை. இப்போது நாவலுக்காகக் கேட்கவேண்டி வந்தது. அதற்கு முன்பே என் முதல் பிரதியை அவள் படித்திருந்தாள். அவளுடைய ஒரே விமர்சனம் நாயகியைப் பற்றி.

"இந்தப் புள்ள ஏன் எப்பப் பாத்தாலும் சன்னல் ஓரமா நின்னு அழுகுது? எங்க தோட்டத்து லயத்து வீட்டுல இருந்ததே ஒரு சன்னல். அதுலயும் அம்மா வெறகு அடுக்கி வச்சிருக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் போடிமெட்டுக்குப் போனோம். எல்லையில் இறங்கி, ஒரு கடையில் டீ வாங்கிக்கொண்டு, பள்ளத்தாக்கு தெரியும் சுவரில் சாய்ந்து நின்றோம். கீழே கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன. அங்கே நின்றபடிதான் அவள் சொன்னாள்.

அன்றைக்கு விடிந்ததும் கிளம்பியிருக்கிறார்கள். அவள் அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம், கூடவே பக்கத்து வீட்டு மலையாளப் பெண். அவரை எல்லோரும் சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கணவருக்கு அதே தோட்டத்தின் ஸ்டோரில் வேலை. வழியில் யாராவது மறித்தால் பேசுவதற்கு மலையாளம் நன்றாகப் பேசுகிற ஆள் வேண்டும் என்று அவராகவே கிளம்பியிருக்கிறார். முகூர்த்தச் சேலையையும் தன் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"உனக்குத்தான் மலையாளம் தெரியுமே" என்றேன்.

"தெரியும். ஆனா அன்னைக்கு வாயத் தெறந்தா என்ன வருமோன்னு பயம். சேச்சி சொல்லிட்டாங்க, நீ மிண்டாதே, பேசாம வான்னு."

எல்லைக்கு அந்தப் பக்கம் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "எவிடே போகுன்னு?" என்று கேட்டிருக்கிறார். எங்கே போகிறீர்கள் என்று.

"கல்யாணத்தினு" என்றிருக்கிறார் சேச்சி.

"ஈ சமயத்தோ? ஆருடெ கல்யாணம்?"

இந்த நேரத்திலா, யார் கல்யாணம் என்று கேட்டதும் சேச்சி இவளைப் பிடித்து முன்னால் தள்ளியிருக்கிறார். தலையில் துண்டு, அப்பாவின் பழைய ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. போலீஸ்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மழை வருகிறது, வேகமாகப் போங்கள் என்று சொல்லி விட்டுவிட்டார். இந்தப் பக்கம் வந்தால் நம் போலீஸ்காரர். மூட்டைகளைப் பார்த்து, "வீட்டைக் காலி பண்ணிட்டு வர்றீகளாம்மா?" என்று வருத்தமாகக் கேட்டிருக்கிறார். அந்த நாட்களில் அப்படி இறங்கி வந்தவர்களும் உண்டு. "இல்லண்ணே, எனக்குக் கல்யாணம்" என்று இவள் சொன்னதும் அவர் முகம் மாறிப்போய், எந்தக் குறுக்குப் பாதை வழுக்கும், எது வழுக்காது என்று சொல்லித் தன் குடையையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

சேச்சி எல்லையோடு திரும்ப வேண்டியவர். ஆனால் என் மாமியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் ஒரு ஆள் தாங்கிப் பிடித்தால்தான் நடக்க முடியும். சேச்சி ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஞானும் வராம்", நானும் வருகிறேன் என்று சொல்லி இறங்க ஆரம்பித்துவிட்டார். பாதி வழியில் அவர் செருப்பு அறுந்துபோனது. அப்படியே வெறுங்காலோடு நடந்தார்.

"உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

டீ டம்ளரைச் சுவரில் வைத்தாள். "பயந்தான். ஆனா எறங்க எறங்கப் பயத்தைவிடப் பசி அதிகமாயிருச்சு. சித்தி சீருக்கு வச்சிருந்த அதிரசத்தை எல்லாம் தின்னுட்டோம். சித்தி வழி நெடுகத் திட்டிக்கிட்டே அதுவும் தின்னுச்சு."

முந்தலில் மறியல் கூட்டம் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றது. அப்பா முன்னால் வந்து, யாரிடமும் கேட்காமல், ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்த டிராக்டரை எடுக்கச் சொன்னார். மறித்துக்கொண்டிருந்த டிராக்டரில்தான் பெண் வீட்டார் மண்டபத்துக்கு வந்தார்கள்.

சேச்சியைக் கல்யாணத்திலிருந்தே எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்தும் அவரால் மலையேற முடியவில்லை. அந்த வாரம் நிலைமை இன்னும் மோசமானதால், ரோடு திறக்கும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பா காலையில் மறியலுக்குப் போவார், சாயங்காலம் திரும்பி வந்தால் சேச்சி எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். முதல் இரண்டு நாள் அப்பா அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சேச்சி என் அம்மாவிடம், "கொறச்சு வெள்ளம் தா சேச்சி" என்று கேட்டது அப்பா காதில் விழுந்தது.

"ஒங்க ஊர்ல தண்ணிக்கே வெள்ளம்னுதான பேரு. அப்புறம் அணையப் பாத்தா பயமாத்தான் இருக்கும்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

சேச்சி தேங்காயைக் கீழே வைத்தார். "அண்ணா, என்டெ அனியத்தி, தங்கச்சி, அவளுடெ வீடு அணைக்குக் கீழே. மழை பெய்தா அவ உறங்கமாட்டா. குட்டிகளை மடியில வச்சு உக்காந்திருப்பா. அது அண்ணனுக்குத் தெரியுமா?"

அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "எங்க கெணத்துல வந்து பாரு தாயி. அடித்தரை தெரியும்" என்றார். அப்புறம் அம்மாவிடம், "அந்தம்மாவுக்கு மோர் குடு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இருவருக்கும் வாதம்தான். யாரும் யாரையும் மாற்றவில்லை. "அண்ணன் காலையில என் வழியை மறிக்கும், சாயங்காலம் எனக்குச் சோறு போடும்" என்று சேச்சி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். மறியல் கொஞ்சம் தளர்ந்த நாளில் அப்பாவே அவரை பைக்கில் முந்தல்வரை கூட்டிப்போய், அங்கிருந்து கூடவே நடந்து எல்லையில் விட்டுவிட்டு வந்தார். போகும்போது புதுச் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தாராம்.

போடிமெட்டிலிருந்து திரும்பியதும் நாவலை முதலிலிருந்து எழுதினேன். நாயகி சன்னலைவிட்டு வெளியே வந்தாள். பசி வந்தால் தின்றாள், கோபம் வந்தால் பாதி மலையாளத்தில் திட்டினாள். அவளைப் பொறுத்தவரை எல்லை என்பது பஸ்ஸில் டிக்கெட் மாற்றும் இடம். அது ஒரே வாரத்தில் வேறொன்றாக மாறும்போது அவளுக்கு வருவது கண்ணீர் இல்லை, எரிச்சல். அப்பா பாத்திரத்துக்கு மீசை உதிர்ந்தது. அவருக்கு ஒரு கிணறு கிடைத்தது. நானாக யோசித்து எழுதியதைவிட அந்த வருஷம் எழுதிக் கொடுத்தது அதிகம்.

முடித்ததும் பெரிய எழுத்தில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். காதல் அத்தியாயங்களைத் தள்ளிவிட்டு, தான் வரும் பக்கங்களை மட்டும் கவனமாகப் படித்தார். மறுநாள் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏப்பா, நாவல்ல அந்த ஆளு டிராக்டரைக் குடுத்ததும் மனசு மாறி மறியலை விட்டுட்டு வீட்டுக்குப் போயிர்றானே."

"கதைக்கு அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு..."

"நான் போகலையே. நீ தாலி கட்டி முடிச்சதும் பந்தியில உக்காந்து சாப்ட்டேன். அதே டிராக்டர்ல ஏறி முந்தலுக்குப் போயிட்டேன். ஒங்கம்மா மண்டபத்து வாசல்ல நின்னு அந்தத் திட்டுத் திட்டுனா. தண்ணி விஷயம் வேற, மருமக விஷயம் வேற. எனக்கு ரெண்டும் வேணும்ல."

ஒரு விவசாயி யூரியா கேட்டு வந்து நின்றார். அவருக்கு எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பா போயிருந்தார். அன்று மத்தியானம் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிட்டு எழுதினேன். பெரியவர் பந்தியில் சாப்பிட்டு எழுந்து, கையைத் துடைத்து, டிராக்டரில் ஏறுகிறார். மருமகள் மாலையோடு நின்று பார்க்கிறாள். அவளுக்குக் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. நான் சமரசம் செய்து வைத்தபோது வராத உயிர் அந்த அத்தியாயத்துக்கு அப்போது வந்தது. பதிப்பாளர் படித்துவிட்டு, "பெரியவர் மறுபடி ரோட்டுக்குப் போற இடம் நல்லாருக்கு. அதை மட்டும் தொட்டுராதீங்க" என்றார்.

புத்தகம் வந்ததும் முதலில் மலைக்குத்தான் போனோம். சேச்சிக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. என் மனைவி அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, தான் நடந்து வந்த அத்தியாயத்திலிருந்து தொடங்கிப் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக வாசித்துக் காட்டினாள். சேச்சி கண்ணை மூடிக் கேட்டார். போலீஸ்காரர் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பெரியவர் அவரை எல்லையில் விட்டுப் பிரியும் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஞான் கரஞ்ஞில்லல்லோ" என்றார். நான் அழவே இல்லையே என்று.

"கொஞ்சம் அழுதீங்கன்னு மாமா சொன்னாரே சேச்சி" என்றாள் என் மனைவி.

"அது செருப்பு கடிச்சதுக்கு. புதுச் செருப்பு. உன் மாமனார் வாங்கியது ஒரு அளவு சின்னது." பிறகு, "சரி, இருக்கட்டும். கதையல்லே", கதைதானே என்று சம்மதித்து, எங்களுக்குக் கப்பக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்தார். புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். என் பெயர் போட்ட ஒன்று அப்படியொரு இடத்தில் இருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. நல்லாவும் இருந்தது.

அப்பா பத்துப் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். ராசிங்காபுரத்து டீக்கடையில் உட்கார்ந்து, தான் வரும் பக்கங்களை மடித்து வைத்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். விளைவு, அன்று அவரோடு முந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இப்போது என் கடைக்கு வருகிறார்கள். உரம் வாங்குகிற சாக்கில் வந்து, கொஞ்ச நேரம் நின்று, மெல்ல ஆரம்பிக்கிறார்கள்.

போன வாரம் வந்தவர் அந்த டிராக்டரின் சொந்தக்காரர். "மாப்ளே, புத்தகத்துல வண்டி வந்திருக்கு, ஓட்டுனவனைக் காணோமே" என்றார். அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். துண்டை மடியில் போட்டுக்கொண்டு, அன்று காலையில் டிராக்டருக்கு டீசல் போட்டதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.